அம்மாவின் கொலுசை வீட்டிலேயே உருக்கப் போய் நான் பட்ட பாடு

நெருப்பு ஊதுகிற கேஸ் டார்ச் வந்த அட்டைப்பெட்டியில் 1300 டிகிரி என்று போட்டிருந்தது. வெள்ளி உருகுவது 962 டிகிரியில். அப்புறம் என்ன கஷ்டம் என்று நினைத்துத்தான் நான் ஆரம்பித்தேன். அந்த ஒரு கணக்கை நம்பி மூன்று வாரம் போனது, ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போனது, ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி போனது. யாராவது ஒருத்தர் முன்னாடியே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது. அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அம்மா இறந்து ஒரு வருஷம் கழித்து, 2025 பிப்ரவரியில், அவருடைய எவர்சில்வர் டப்பாவைத் திறந்தேன். ஒரு ஜோடி கொலுசு, அறுந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது போட்ட காப்பு ஒரு ஜோடி. அம்மாவின் பழைய மெட்டிகள், அப்புறம் நெளிந்துபோன ஒரு கெட்டி வளையல். என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். முதல் பிறந்தநாளுக்கு இந்த வெள்ளியிலேயே அவளுக்குக் காலுக்கு ஏதாவது செய்து போட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. நகைக்கடையில் எடை போட்டார்கள்: கொலுசு 74 கிராம், காப்பு 16, மெட்டியும் வளையலும் சேர்ந்து 28, ஆக மொத்தம் 118 கிராம். மெஷினில் வைத்துப் பார்த்து கொலுசு 62 டச்தான் வருகிறது, அதாவது நூற்றுக்கு 62 பங்குதான் வெள்ளி, கழிவு போகப் பழைய வெள்ளி விலைக்கு எடுத்துக்கொண்டு புதுக் கொலுசு தருகிறோம் என்றார்கள். இதே வெள்ளியில் செய்து தர முடியுமா என்று கேட்டேன். அந்தப் பையன் என்னைப் புரியாமல் பார்த்தான். எல்லார் பழைய வெள்ளியும் ஒன்றாகத்தான் உருக்கப் போகும், தனியாகவெல்லாம் யாரும் செய்யமாட்டார்கள் என்றான். அம்மாவின் காலில் கிடந்தது எங்கோ ஒரு கும்பலில் கலந்துவிடும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. சரி, நாமே உருக்கிக் கட்டியாக்கிவிட்டால், அந்தக் கட்டியிலிருந்து செய்து தரச்சொல்லி எந்தப் பட்டறையிலும் கேட்கலாமே என்று முடிவு செய்தேன். என் வீட்டுக்காரருக்குக் கோவையில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். அத்தையிடம் பாப்பாவைக் கொடுத்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மொட்டை மாடிக்குப் போனேன்.

முதலில் வாங்கியது 450 ரூபாய்க்குக் கையடக்கமான சின்ன டார்ச். ஒரு செங்கல் மேல் வளையலை வைத்து ஊதினேன். ஐந்து நிமிஷத்தில் செக்கச்செவேல் என்று ஆனது, எனக்குக் கை நடுங்கியது, இதோ உருகப்போகிறது என்று. அப்படியே நின்றது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம், கேஸ் தீர்ந்தது, வளையல் கறுத்துப்போய் முழுசாகக் கிடந்தது. மறுநாள் இன்னொரு கேன் வாங்கி அதுவும் தீர்ந்தது. பெட்டியில் போட்டிருந்த 1300 பொய்யில்லை. ஆனால் அது நெருப்பின் நுனியில் இருக்கும் சூடு. நம் வேலைக்கு வேண்டியது எத்தனை டிகிரி என்பது மட்டும் இல்லை, உள்ளே போகிற சூடு வெளியே கசிகிற சூட்டைவிட அதிகமாக இருக்க வேண்டும். உலோகங்களிலேயே சூட்டை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளிதான். ஒரு மூலையில் நெருப்பைக் காட்டினால் அது உடம்பு முழுக்கப் பரவிக் காற்றிலும் செங்கல்லிலும் இறங்கிவிடும். டீக்கடை அடுப்பைத் திறந்த மைதானத்தில் வைத்த மாதிரி. இது தெரிந்திருந்தால் அன்றைக்கே செய்திருக்க வேண்டியவை சுலபமானவை: வளையலை மிளகு அளவு துண்டுகளாக வெட்டிக்கொள்வது, துண்டுகளை விரித்துப் போடாமல் ஒரு குழியில் குவித்து வைப்பது, பின்னாலும் பக்கத்திலும் சூட்டைத் தாங்குகிற சூளைச் செங்கல்லை நிறுத்தி நெருப்பு மோதித் திரும்பி வருகிற மாதிரி மூன்று பக்கம் சுவர் கட்டிக்கொள்வது. இதைச் செய்யாமல் எவ்வளவு பெரிய டார்ச் வாங்கினாலும் கேஸ்தான் தீரும்.

ஆனால் நான் பெரிய டார்ச்தான் வாங்கினேன். 225 கிராம் பியூட்டேன் கேனில் மாட்டுகிற வகை, தலை மட்டும் 1,150 ரூபாய். மூசைக்கு, அதாவது உலோகத்தைப் போட்டு உருக்குகிற கிண்ணத்துக்கு, என்ன செய்வது என்று யோசித்து, கார்த்திகைக்கு வாங்கி மிச்சமிருந்த கனமான அகல் விளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டேன். மண்தானே, சூளையில் வெந்ததுதானே, தாங்கும் என்று நினைத்தேன். மெட்டிகளையும், வெட்டிய வளையலையும் அதில் போட்டு, மொட்டை மாடிச் சிமெண்ட் தரையில் நேராக வைத்து ஊதினேன். இந்த முறை உருகியது. ஓரங்கள் வட்டமாகி, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, திடீரென்று எல்லாம் சேர்ந்து பாதரசம் மாதிரி ஒரே உருண்டையாகத் திரண்டது. அந்தக் காட்சியைப் பார்த்த சந்தோஷத்தை இப்போதும் மறுக்கமாட்டேன். ஐந்து விநாடிகூட இருக்காது. அகல் டப்பென்று இரண்டாகப் பிளந்தது, வெள்ளி தரையில் கொட்டியது, கொட்டிய இடத்தில் சிமெண்ட் பட்டாசு மாதிரி வெடித்துச் சில்லு சில்லாகத் தெறித்தது. நான் போட்டிருந்தது ரப்பர் செருப்பு. ஒரு சில்லு வலது கால் பெருவிரலுக்குப் பக்கத்தில் பட்டுச் சதையோடு ஒட்டிக்கொண்டது. டார்ச்சை அணைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, எரிகிற டார்ச்சைக் கையில் பிடித்தபடியே குதித்தேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

அகலும் பானையும் மெதுவாகச் சூடேறினால் தாங்கும், ஒரே பக்கம் திடீர்ச் சூடு பட்டால் பிளந்துவிடும். சிமெண்டுக்குள் எப்போதும் ஈரம் இருக்கும், ஒரேயடியாகச் சூடானால் அந்த ஈரம் ஆவியாகி மேல்பரப்பைப் பெயர்த்து எறியும். சமையல் மேடைக் கருங்கல்லும் இப்படித் திடீர்ச் சூட்டில் விரிசல் விடும். ஆகவே கீழே ஒரு இரும்புத் தட்டு, அதில் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த மணல், அதன்மேல் சூளைச் செங்கல், அதன்மேல்தான் மூசை. கொட்டினாலும் மணலில் விழும், பொறுக்கிக்கொள்ளலாம். பக்கத்தில் இன்னொரு வாளி மணல் வேண்டும், உருகிய வெள்ளிமேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. காலுக்கு மூடிய தோல் செருப்பு. உடம்பில் பருத்தித் துணி. நைலக்ஸ் புடவையோ பாலியஸ்டர் நைட்டியோ போட்டுக்கொண்டு இந்த வேலைக்குப் போகவே கூடாது, உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குக் கண்ணாடி. கூடவே ஒரு ஆள். கையில் எரிகிற டார்ச்சை வைத்துக்கொண்டு நான் குதித்தபோது கூப்பிட்டால் வருவதற்கு மாடியில் யாரும் இல்லை. கீழே அத்தை பாப்பாவைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தார். சிமெண்டைச் சுரண்டிச் சுத்தியலால் தட்டி எடுத்ததில் 28 கிராமில் 21 கிராம் கிடைத்தது.

கேஸ் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வாரம்தான் அதிலும் ஒரு தப்பு செய்யப் பார்த்தேன். தொடர்ந்து ஊதும்போது கேன் சில்லிட்டுப் போய் நெருப்பு சோர்ந்துவிடும். திரவமாக இருக்கிற பியூட்டேன் ஆவியாகும்போது தன் சூட்டை இழக்கிறது, அதனால் வருவது அது. தெரிந்தவர் ஒருவர் கேனை வெந்நீரில் வைத்தால் சரியாகிவிடும் என்றார், இன்னொருவர் வீட்டுச் சிலிண்டரில் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடியாகக் குழாய் மாட்டு என்றார். இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். கேனைச் சூடாக்கினால் அழுத்தம் ஏறி வெடிக்கலாம். வீட்டுச் சிலிண்டரைச் சமையல் தவிர வேறு வேலைக்கு எடுப்பது சட்டப்படியே தப்பு, ரெகுலேட்டர் இல்லாமல் மாட்டுவது உயிருக்கே உலை. சோர்ந்துபோனால் கேனை மாற்றிவிட்டு, சில்லிட்டதை நிழலில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும். எரியும்போது கேனைத் தலைகீழாகச் சாய்த்தால் திரவமே வெளியே வந்து ஒரு முழ நீளத்துக்கு மஞ்சள் நெருப்பு பாயும், இதை நான் பார்த்துவிட்டேன். செங்கல் சுவரில் மோதித் திரும்பி வரும் அனல் கேன் மேல் அடிக்காத மாதிரி நிற்கவும் பழக வேண்டும். சமையல் கேஸும் சரி, இந்தக் கேன் கேஸும் சரி, காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தங்கும். மூடிய அறையில் இந்த வேலை கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அடுத்த வாரம் உடம்பாலேயே தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது தடவைக்கு ஒழுங்காகத் தயாரானேன் என்றுதான் நினைத்தேன். சிலிகா மூசையும் அதைப் பிடிக்கிற இடுக்கியும் 900 ரூபாய், இரும்பு வார்ப்பு அச்சு 750. அழுக்கைப் பிரித்தெடுக்க வெண்காரம் வேண்டும் என்று தெரிந்துகொண்டு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரம்மா கொடுத்ததை மூசையில் போட்டுச் சூடாக்கினால் பொங்கியது, பொங்கி வெள்ளை நுரையாகக் காய்ந்து அப்படியே நின்றது, எத்தனை ஊதியும் உருகவில்லை. கொண்டுபோய்க் காட்டினால் அது படிகாரம். இரண்டும் வெள்ளைக் கட்டிதான், பார்வைக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியாது. வெண்காரத்தை ஒரு பழைய இரும்புக் கரண்டியில் சிட்டிகை போட்டு ஊதினால் முதலில் அதுவும் பொங்கும், ஆனால் பிறகு இறங்கி உருகிக் கண்ணாடி முத்து மாதிரி ஆகிவிடும். படிகாரம் பொங்கியதோடு நின்றுவிடும். வாங்கியதும் இந்தச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் வேலைக்கு எடுக்க வேண்டும். புது மூசையில் முதலில் வெள்ளியைப் போடக்கூடாது, வெண்காரத்தை மட்டும் போட்டு உருக்கிச் சுற்றிலும் ஓடவிட்டு, உள்பக்கம் முழுக்கக் கண்ணாடி பூசினாற்போல் ஆன பிறகுதான் போட வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளி மூசையின் சொரசொரப்பில் பிடித்துக்கொண்டு ஊற்றும்போது பாதி வராது.

அன்றைக்குப் பார்த்து மாடியில் பலத்த காற்று. நெருப்பு நிற்கவே இல்லை. நான் செய்ததிலேயே பெரிய தப்பு அடுத்தது. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கிற சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அம்மாவின் கொலுசைக் கத்தரித்து 74 கிராமையும் இரண்டு தவணையாக மூசையில் போட்டேன். எனாமலைச் சுரண்டவில்லை, திருகாணியைப் பிரிக்கவில்லை, கழுவக்கூட இல்லை. காற்று இல்லாததால் உருகிவிட்டது, பெருமையாக இருந்தது. ஆனால் மூசைக்கு மேல் வெண்மையும் பழுப்புமாக ஒரு புகை சுருள் சுருளாக எழுந்தது. வாயில் தித்திப்பும் செம்புக் காசைச் சப்பின மாதிரியும் ஒரு ருசி. வெண்காரப் புகை போல என்று நினைத்து இருபது நிமிஷம் அங்கேயே குனிந்து நின்றேன். அப்புறம் அச்சில் ஊற்றினேன், அச்சு சில்லென்று இருந்தது, உள்ளே ஈரம் இருந்திருக்க வேண்டும், சீறிக்கொண்டு பொறி பொறியாக மேலே வந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. பாதி அச்சிலும் மீதி சுவரிலும் தரையிலுமாக உறைந்தது. பொறுக்கி எடை போட்டால் 66 கிராம்.

சாயந்திரம் ஆறு மணிக்குக் குளிர ஆரம்பித்தது. மார்ச் மாத வெயில் காலத்தில் இரண்டு போர்வை போர்த்தியும் பல் கிட்டியது. மேலெல்லாம் வலி, வறட்டு இருமல், நெஞ்சில் ஒரு இறுக்கம். அத்தை சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் வைத்தார். நான் எதையும் சொல்லவில்லை. இரவு பாப்பா பாலுக்கு அழுதபோது கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவளை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன், அப்போதுதான் அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரும் முதலில் வைரஸ் காய்ச்சல் என்றுதான் நினைத்தார், பகலில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நகையை ஒட்ட வைக்கிற பற்றாசில் இருக்கிற துத்தநாகம் எரிந்து வந்த புகையைச் சுவாசித்தால் இப்படிக் குளிர்காய்ச்சல் வரும், பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாக விட்டுவிடும் என்றார். ஆனால் அந்தப் பற்றாசில் காட்மியம் இருந்தால் கதை வேறு, முதலில் இதே மாதிரி சாதாரணமாகத் தெரிந்து, சில மணி நேரம் கழித்து நுரையீரல் மோசமாகலாம், அதனால் வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்று எக்ஸ்ரே எடுத்து ஒரு ராத்திரி வைத்திருந்தார். என் நல்ல நேரம், காலையில் காய்ச்சல் விட்டது, நெஞ்சும் சுத்தமாக இருந்தது. செலவு 3,400 ரூபாய். அன்றைக்குப் பாப்பாவுக்குப் பால் கொடுக்கலாமா என்பதையும் அவரிடமே கேட்டு, அவர் சொன்னபடிதான் செய்தேன்.

இந்தப் புகை விஷயத்தை யாரும் லேசாக எடுக்க வேண்டாம். பேச்சில் பொடி வைத்துப் பேசுகிறான் என்கிறோமே, அந்தப் பொடி தட்டார் பட்டறைப் பொடிதான், நகையில் இரண்டு துண்டை ஒட்டுவதற்கு வைத்து ஊதுகிற பற்றாசுப் பொடி. நகை உருகுவதற்கு முன்பே அது உருக வேண்டும், அதனால் அதில் துத்தநாகம் சேர்ப்பார்கள், பழைய வேலைகளில் காட்மியமும் சேர்த்திருப்பார்கள். தங்கத்தில் கே.டி.எம் என்று சொல்வதே காட்மியத்தை வைத்து வந்த பேர். காட்மியம் 767 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், துத்தநாகம் 907 டிகிரியில். வெள்ளி உருகுகிற சூட்டில் இரண்டும் காற்றில்தான் இருக்கும். கொலுசு என்பது நூற்றுக்கணக்கான வளையம், ஒவ்வொரு வளையத்திலும் ஒரு ஒட்டு. ஆகக் கொலுசை உருக்குவது வெள்ளியோடு ஒரு கை நிறையப் பொடியையும் சேர்த்து எரிப்பது மாதிரி. துணி முகமூடி இதற்கு ஒன்றும் செய்யாது. என் கருத்து இதுதான்: ஒட்டு இல்லாத கெட்டி வளையல், காசு, கம்பி இவற்றை வேண்டுமானால் திறந்த வெளியில், காற்று முதுகுப்பக்கம் இருந்து வீசுகிற மாதிரி நின்று உருக்கலாம். கொலுசு, சங்கிலி, சலங்கை வைத்தது எதையும் வீட்டில் தொடவே வேண்டாம். உருக்கிய அன்று சாயந்திரம் காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் போய், உலோகம் உருக்கினேன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

உடம்பு தேறியதும் அந்தக் கட்டியை எடுத்துப் பார்த்தேன். கறுப்பாக, ஓட்டை ஓட்டையாக இருந்தது. புளித்தண்ணீரில் கொதிக்கவிட்டதும் கறுப்பு போய் வெளுத்தது. அது சும்மா செம்பு கறுத்ததுதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஓரத்தில் சுத்தியலால் லேசாகத் தட்டினால் பிஸ்கட் மாதிரி உடைந்தது. வெள்ளி வளையும், நசுங்கும், ஆனால் உடையும் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்போதுதான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன், சேலத்துக்கு பஸ் ஏறினேன். செவ்வாய்பேட்டை, சிவதாபுரம் பக்கமெல்லாம் கொலுசு வேலை குடும்பம் குடும்பமாகச் செய்கிறார்கள். தெரிந்தவர் மூலமாக ஒரு சின்னப் பட்டறையில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவரிடம் போய் நின்றேன்.

அவர் உடைந்த துண்டின் வாயைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இதுல ஈயம் போயிருக்கு கண்ணு. கொலுசு எங்கயாச்சும் ரிப்பேர் பண்ணாங்களா உங்கம்மா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் திருகாணி கழன்றுவிட்டது என்று அம்மா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஆளிடம் கொடுத்து முப்பது ரூபாய்க்கு ஒட்டி வாங்கி வந்தார். அந்த ஆள் வைத்தது ரேடியோ ஒட்டுகிற ஈயம். "ஒரு குந்துமணி ஈயம் போதும், மொத்த வெள்ளியும் நொறுங்கிப் போயிரும். உருக்கறதுக்கு முன்னாடி அந்தத் திருகாணியைக் கத்திரிச்சு எறிஞ்சிருந்தா இது நல்ல வெள்ளி. இப்ப உள்ள கலந்திருச்சே" என்றார். இனி என்ன செய்யலாம் அய்யா என்றேன். திராவகத்தில் போட்டுச் சுத்த வெள்ளியாகப் பிரித்தெடுக்க ஆள் இருக்கிறார்கள், ஆனால் 66 கிராமைத் தனியாக யாரும் எடுக்கமாட்டார்கள், பத்துப் பேருடையதோடு சேர்த்துத்தான் போடுவார்கள் என்றார். கடையில் அந்தப் பையன் சொன்ன அதே இடத்துக்கு மூன்று வாரம் கழித்து வந்து நின்றேன். அந்தப் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து அழுதேன், அவர் பேசாமல் தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தார்.

தரையில் சுரண்டி எடுத்த 21 கிராமை அவரிடம் காட்டினேன். மெட்டியும் வளையலும் ஒட்டில்லாத கெட்டி வேலை. "இது தப்பிச்சது. உன் டார்ச்சைக் கொண்டாந்தியா? நீயே ஊது, நான் சொல்றேன்" என்றார். முதலில் காந்தத்தை ஓட்டினார், இரும்புத்தூள் வந்தது. சிமெண்ட் ஒட்டிய துண்டுகளைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அடுப்போரம் வைத்து ஈரம் போகக் காயவிட்டார். திறந்த தாழ்வாரத்தில், மணல்மேல், மூன்று பக்கம் செங்கல் வைத்து மூசை. டார்ச்சில் நான் எப்போதும் கூர்மையாகச் சீறுகிற நெருப்பைத்தான் வைப்பேன், அவர் காற்றுத் துளையைக் கொஞ்சம் மூடச்சொன்னார், நெருப்பு குண்டாக, மெத்தென்று ஆனது. சீறுகிற நெருப்பில் காற்று அதிகம், உருகிய வெள்ளி காற்றிலிருக்கிற ஆக்சிஜனைக் குடித்துவிடும், அப்புறம் கட்டியில் ஓட்டை விழும். முதலில் வெள்ளிமேல் அடிக்காமல் மூசையைச் சுற்றிச் சூடாக்கி, மூசையே சிவந்த பிறகு வெள்ளிக்கு வரச்சொன்னார். துண்டுகள் சுருங்கும்போது ஒரு சிட்டிகை வெண்காரம். கால் மணி நேரம் என்று நான் நினைத்திருந்தது நான்கு நிமிஷத்தில் உருகியது. உருகியதும் நான் ஊற்றப் போனேன், கையைப் பிடித்து நிறுத்தினார். மேலே அழுக்கு ஏடு மாதிரி மிதந்துகொண்டிருக்கும்போது ஊற்றக்கூடாது, மூசையை லேசாகச் சுழற்றினால் வெள்ளி கண்ணாடி மாதிரி முகம் காட்டித் தடையில்லாமல் ஓட வேண்டும். விரல்நுனி அளவு அடுப்புக்கரித் துண்டு ஒன்றை மேலே போட்டார், அது காற்றைத் தின்றுவிடுமாம்.

அச்சை அவர் முன்பே காய வைத்திருந்தார். கையில் தொட முடியாத சூடு, உள்பக்கம் விளக்குப் புகையைக் காட்டிக் கரி படிய வைத்தது, அதனால் வெள்ளி ஒட்டாது, சீறாது. இன்னொன்று எனக்கு எங்கேயும் தெரியவராதது: ஊற்றுகிற நேரத்தில் நெருப்பை எடுக்கக் கூடாது. 21 கிராம் வெள்ளி என்பது ஏறக்குறைய இரண்டு கன சென்டிமீட்டர்தான், நெருப்பை எடுத்த மறுகணம் மூசையின் வாயிலேயே உறைந்துவிடும். ஒரு கையால் மூசையைச் சாய்க்கும்போது மறுகையில் இருக்கிற நெருப்பு வெள்ளியோடு கூடவே வாய்வரைக்கும் வர வேண்டும், ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். வெள்ளி வைக்காமல் நான்கு தடவை சும்மா பழக்கினார். ஐந்தாவது தடவை ஊற்றினேன். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கம்பி, ஓட்டை இல்லாமல் வந்தது, 20.5 கிராம். வெள்ளிக் காசு மாதிரிச் சுத்த வெள்ளியாக இருந்தால் உறைகிற நேரத்தில் உள்ளே குடித்த காற்றைத் துப்பும், மேலே முளை முளையாகக் கிளம்பும், அப்போது முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாதே என்றும் சொன்னார். செம்பு கலந்த பழைய நகையில் அது அவ்வளவாக இருக்காதாம். இத்தனைக்கும் அவர் வாங்கியது 100 ரூபாய்.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு டார்ச் 1,600, கேன் ஏழு வாங்கியது 1,330, மூசையும் இடுக்கியும் 900, அச்சு 750, மாடித் தரையைப் பூசியது 500, ஆஸ்பத்திரி 3,400, ஆக 8,480 ரூபாய். தொலைந்த வெள்ளி பதினைந்தரை கிராம், அப்போது சுத்த வெள்ளி கிராம் நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே இருந்தது, இந்த டச்சுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். பணம் போனதைக்கூட மறந்துவிடுவேன். அம்மாவின் கொலுசு கொலுசாக இருந்தபோது ஒரு திருகாணியைக் கத்தரித்திருந்தால் போதும் என்பதை மறக்க முடியவில்லை. கையில் பழைய நகை வைத்திருப்பவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான். நெருப்பு வைப்பதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க அதைப் பாருங்கள். வெயிலில் வைத்து, முடிந்தால் பூதக்கண்ணாடி வைத்து, எங்கே நிறம் மங்கலாகச் சாம்பல் பூத்திருக்கிறது, எங்கே ஊக்கு மாற்றியிருக்கிறார்கள், எங்கே எனாமல், எங்கே அரக்கு, எங்கே உள்ளே கூடாக இருக்கிறது என்று பார்த்து, சந்தேகமான இடத்தையெல்லாம் வெட்டித் தனியாக வையுங்கள். உள்ளே கூடாக இருப்பதில் தண்ணீர் தங்கியிருந்தால் சூட்டில் வெடிக்கும், அதனால் வெட்டித் திறந்துவிட வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை எப்போதாவது ஒட்டக் கொடுத்தீர்களா என்று கேளுங்கள். எனக்குக் கேட்பதற்கு அம்மா இல்லை, ஆனால் நானே கூட இருந்து பார்த்தது, ஞாபகம் வரவில்லை.

அந்த 20.5 கிராமில் பாப்பாவுக்குக் கொலுசு வேண்டாம், தண்டை போடலாம் என்று பெரியவரே சொன்னார். கம்பியாக இழுத்து, வளைத்து, நுனியை மழுக்கிவிட்டால் போதும், ஒட்டே தேவையில்லை, குழந்தை வாயில் வைத்தாலும் பொடி கிடையாது. ஒட்டில்லாத என் பழைய காப்பை உருக்கக் கொண்டுபோயிருந்தேன், அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை ஏம்மா உருக்கறே என்று மரச்சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி நெளிவை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். ஜூன் மாதம் பிறந்தநாளுக்கு இரண்டையும் போட்டோம். கொலுசுக் கட்டி 66 கிராம் அம்மாவின் டப்பாவிலேயே இருக்கிறது. பிரித்தெடுக்கக் கொடுக்கவில்லை.